கோமதி வளர்ந்த வருடம்

எனக்கு வந்த இரண்டு நோய்களில் முதல் நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது தேயிலை. இதைச் சொன்னால் டாக்டர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இப்போது ரத்தம் கொஞ்சம் அடங்கி, மாத்திரை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். என்னைப் போல் ஒருத்தன் ஏதாவது ஒரு வார்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் அவனுக்கு உதவும்.

குன்னூருக்குக் கீழே ஒரு டீ ஃபாக்டரியில் எனக்கு இலை வாட்டுகிற வேலை. சின்ன விவசாயிகள் கொண்டுவந்து போடும் பச்சை இலையை மாடியில் நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு ஈரத்தை இறக்க வேண்டும். விடிந்ததும் ஒரு பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பேன். உருண்டையாக நின்றால் பதம். விரிந்து எழுந்தால் இன்னும் ஈரம் போகவில்லை, காற்று ஓடட்டும் என்று அர்த்தம். கருவி கிருவி எதுவும் கிடையாது. பதினாறு வருடம் என் கை சொன்னதுதான் தீர்ப்பு. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

பச்சை இலை விலை பாதாளத்துக்குப் போன வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பாதிப் பேர் இலையைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி ஆள் உயரத்துக்கு மேல் மரமாகிக்கொண்டிருந்தது. ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் பெரிய காரியம். என் மனைவி பூங்கொடி, மகள் கோமதியைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய், பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். "வெல ஏறுனா வந்தர்றோமுங்க. அதுவரைக்கும் உடம்பப் பாத்துக்குங்க" என்றாள். நான் குவார்ட்டர்ஸில் ஒற்றை ஆளாக நின்றேன். பேசுவதற்கு ஆள் இல்லாத வீட்டில் குக்கர் விசில்கூடத் துணைதான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் டீ கெட்டுப்போக ஆரம்பித்தது. நிறமில்லை, சாறில்லை என்று ஏலத்தில் கேட்பாரில்லாமல் திரும்பி வந்தது. ஒரு நாள் காலை, ஃபாக்டரிப் பொறுப்பில் இருக்கிற டீ மேக்கர் ஜெயபால், என்னைவிடச் சின்னவர், மாடிக்கு ஏறி வந்து தொட்டியில் கையைவிட்டார்.

"ராசண்ணா, இலை காஞ்சு சருகாயிருச்சேங்க. இன்னும் எதுக்குக் காத்து ஓடுது?"

"ஈரம் இருக்குது தம்பி. பிடிச்சுப் பாருங்க."

அவர் பிடித்துப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை.

"ஏனுங்ணா, உங்க கைதானுங்க ஈரம். இந்தக் குளுருல இப்படி வேர்க்குது! கையென்னுங்க இது, பன்னு மாதிரி பொதபொதன்னு?"

எனக்குச் சுருக்கென்றது. விரல் நுனி மரத்துப்போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தேன். உள்ளங்கை எப்போதும் நசநசவென்று இருக்கும். என் வேர்வையை இலையின் ஈரமென்று நினைத்து, காய்ந்த இலைக்கு மேலும் மேலும் காற்று விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பதினாறு வருடத் திமிர் அன்றைக்கு அந்தத் தொட்டியிலேயே இறங்கியது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. கையை நீட்டினேன், அவர் என் மூஞ்சியைப் பார்த்தார். "பழைய போட்டோ ஏதாவது இருக்குங்களா?" என்றார். பர்சில் வாக்காளர் அட்டை இருந்தது. அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது உங்க தம்பிங்களா?" என்று கேட்டார். சத்தியமாகக் கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். தாடை முன்னே தள்ளி, மூக்கு அகன்று, நெற்றி புடைத்து, நான் வேறு ஆளாகிக்கொண்டிருந்ததை என் கண்ணாடி எனக்குச் சொல்லவேயில்லை. தினம் பார்க்கிற மூஞ்சி மாறுவது யாருக்குத் தெரிகிறது?

கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே சுரப்பிகளுக்கென்று இருக்கிற டாக்டர் விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. பிள்ளைகள் உயரமாவது அதனால்தான். என்னுடைய சுரப்பியில் ஒரு கட்டி முளைத்து, நாற்பது வயதுக்காரனை வளரு வளரு என்று அது விரட்டிக்கொண்டிருந்தது. இந்த வயதில் எலும்பு நீளாது, தடிக்கத்தான் செய்யும். கை, கால், தாடை, நாக்கு, உள்ளே இருக்கிற உறுப்புகள்கூடப் பெரிதாகும். மூக்கு வழியாகவே போய்க் கட்டியை எடுத்தார்கள். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தை எடுக்க முடியவில்லை, மாத்திரை கொடுத்தார்கள். பூங்கொடி பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு வந்து கூடவே இருந்தாள். மூக்கில் பஞ்சு அடைத்திருந்த எனக்கு ரசத்தை ஸ்பூனில் ஊட்டினாள். கோமதி கதவோரம் நின்று என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகும்போது அருகில் வந்து, "வலிக்குதுங்ளாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. இதற்குப் பிறகு நடந்த கோளாறுக்கு நான்தான் பொறுப்பு.

ஒரு வருடம் கழித்து உடம்பு அசந்து அசந்து வந்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். சட்டை நனைகிற அளவு வேர்வை. இரண்டு வாய் சோறு உண்டாலே வயிறு நிறைந்துவிடும். இடது விலா எலும்புக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனம். பார்க்கிற டாக்டர்களிடமெல்லாம் நானே முந்திக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன். "எனக்கு வளர்ச்சி நோவு இருக்குதுங்க. அதுல உள்ளுறுப்பெல்லாம் பெருசாகுமுங்க. வேர்க்கவும் செய்யுமுங்க." அவர்களும் பழைய சீட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கோயம்புத்தூர் செக்கப்பை இரண்டு தடவை தள்ளிப்போட்டேன். தெரிந்த நோய் ஒன்று கையில் இருந்தால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவது எத்தனை வசதி! இலையின் ஈரமென்று என் வேர்வையைச் சொன்ன அதே ஆள்தானே நான்.

கடைசியில் தலை சுற்றித் தொட்டிக்குள் விழுந்த பிறகு ஜெயபாலே பஸ் ஏற்றிவிட்டார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் லேப் ஆள் வெளியே வந்து, "இன்னொரு தடவை குடுங்க, மிஷின் தப்பாக் காட்டுது" என்றார். மறுபடியும் கொடுத்தேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது. வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் லட்சக்கணக்கில் இருந்தன. விலாவுக்குக் கீழே கனத்தது மண்ணீரல். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்!

அட்மிஷன் போடுகிற இடத்தில் முதல் கேள்வி, "கூட யாரு?"

"வந்திருக்காங்க. வெளிய டீ குடிக்கப் போயிருக்காங்க" என்றேன்.

பொய்தான். யாரும் வரவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. பூங்கொடி அப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருந்தாள். கோமதி ஒன்பதாம் வகுப்பு. ஒரு தடவை மூக்கில் பஞ்சோடு என்னைப் பார்த்தது போதாதா? என்னால் சமாளிக்க முடிந்ததை நானே சமாளிக்கிறேன் என்று வைராக்கியமாக இருந்தேன். வார்டில் பதினெட்டுக் கட்டில். பதினேழு கட்டிலுக்கு அருகே ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது. என் ஸ்டூலில் என் சட்டையை மடித்து வைத்திருந்தேன். பார்வையாளர் நேரத்தில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். அடுத்த கட்டிலில் ஆரஞ்சு உரிக்கிற வாசனை வரும். பாழாய்ப்போன அந்த வாசனைக்குப் போர்வையை இழுத்து மூக்கை மூடிக்கொள்வேன்.

வார்டு சிஸ்டர் சேரம்பாடிக்காரி, பெயர் சாந்தி. பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். மூன்றாம் நாள் மருந்து ஏற்றிக்கொண்டே, "சேட்டா, உங்க ஆளு இன்னும் டீ குடிச்சு முடிக்கலியா? மூணு நாளா குடிச்சா வயிறு வெடிச்சிருமே" என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அதற்குப் பிறகு அதைக் கேட்கவில்லை. ஆனால் தினமும் டியூட்டி முடிகிற நேரத்தில் என் ஸ்டூலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். சேரம்பாடியிலும் தோட்டத்தில் வேலை குறைந்துவிட்டதாகவும், அப்பா சும்மாதான் இருக்கிறார் என்றும் சொல்லுவாள். அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் பகல் முழுவதும் காத்திருந்திருக்கிறேன்.

இடுப்பு எலும்புக்குள் ஊசியை இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். ரத்தம் உற்பத்தியாவது அங்கேதான். மரப்பு ஊசி போட்ட பிறகும், உள்ளே இருப்பதை உறிஞ்சுகிற அந்த ஒரு நொடியில் உயிர் போய் உயிர் வந்தது. அணுவின் உள்ளே இருக்கிற மரபுச் சரடுகளில் இரண்டு, துண்டு மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பதினைந்து நாள். மாறி ஒட்டித்தான் இருந்தன. அதுவே நல்லது என்றார் ரத்த டாக்டரம்மா. இது மெதுவாகப் போகிற வகை, இதற்கென்றே புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, தினம் விடாமல் சாப்பிட்டால் அடக்கி வைக்கலாம், விலை இல்லாமல் கிடைக்கிற வழிக்கு நான் எழுதிப்போடுகிறேன் என்றார். போட்டார், கிடைத்தது. அந்தக் கைக்குக் கோடி கும்பிடு.

நான் கேட்டேன், "ஏனுங்க டாக்டர், அந்த நோவாலதான் இந்த நோவு வந்துச்சுங்களா?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "வளர்ச்சி ஹார்மோன் அதிகமானா, ஈரல்ல இருந்து இன்னொரு சத்து சுரக்கும். அது அணுக்களைப் பெருகு, சாகாதேன்னு சொல்லிட்டே இருக்கும். அதனால சில கட்டிகள் இவங்களுக்குக் கொஞ்சம் கூட வரலாம். ரத்தப் புத்துநோயும் சிலருக்குச் சேர்ந்து வந்திருக்கு. ஆனா இதுதான் அதைக் கொண்டு வந்துச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியலை. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்துச்சா, காக்காதான் தள்ளுச்சான்னு எனக்குத் தெரியலைங்க ராசு."

தெரியாது என்று சொல்கிற டாக்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் ஆஸ்பத்திரி வாசல் பூத்திலிருந்து திருப்பூருக்குப் போன் போட்டேன். பூங்கொடி வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை, அந்த நம்பரில் கூப்பிட்டால் அண்ணாச்சி கூப்பிட்டு விடுவார். ஃபாக்டரியில் இருந்து பேசுவதாகச் சொல்லி, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அவளுக்கென்னுங்க, பனமரமாட்டம் நிக்கறா!" என்று சிரித்தாள் பூங்கொடி. "தீவாளிக்குத் தெச்ச பாவாடை கெண்டைக்கால் மேல ஏறிப்போச்சு. கிளாஸ்லயே இவதான் உசரமாமா. அப்பனாட்டவே வளர்றான்னு எங்கண்ணன் சொல்லிட்டிருக்கு."

அப்பனாட்டவே வளர்கிறாள். ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றேன். பின்னால் நின்றவர் கதவைத் தட்டினார்.

சுரப்பி டாக்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். இது பெரும்பாலும் குடும்பத்தில் இறங்குகிற நோய் இல்லை, மிக மிக அபூர்வமாக இறங்குவதுண்டு, பிள்ளைகளுக்கு வந்தால் எலும்பு நீண்டு ஆள் அளவுக்கு மீறி உயரமாகும் என்றார். அவர் சொன்னதில் 'இல்லை' என்பது காதில் விழவேயில்லை. அபூர்வம், அபூர்வம் என்று அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. எனக்கு வந்ததும் அபூர்வம்தானே? ஒன்றுக்கு இரண்டாக வரவில்லையா? அந்த இரண்டையும் என் பிள்ளைக்கு எழுதி வைத்துவிட்டேனா? என் உயிரைப் பற்றிய பயம் அந்த நிமிடமே எங்கேயோ போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த பயம் இருக்கிறதே, அப்பப்பா!

பரிசோதிக்க வேண்டுமானால் கோமதி வர வேண்டும். அவள் வர வேண்டுமானால் நான் வாயைத் திறக்க வேண்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன என்று, மாலையில் மறுபடியும் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எதிர்ப்பக்கம் அண்ணாச்சி கடைத் தராசுத் தட்டு சத்தம் மட்டும் கேட்டது.

"பூங்கொடி?"

"ஏனுங்க, நானென்ன செத்தா போயிட்டேன்?" என்றாள். அவள் என்னிடம் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஒரு மாசமா அனாதையாட்டம் ஆசுபத்திரில கெடந்திருக்கீங்க. நான் இங்க உக்காந்து பாவாடையப் பத்திப் பேசிச் சிரிச்சிட்டிருக்கறேன். நாளைக்குக் கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றதுங்க?"

விடிந்தபோது இருவரும் வார்டு வாசலில் நின்றார்கள். சாந்தி சிஸ்டர் ஸ்டூலிலிருந்து என் சட்டையை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, பூங்கொடியைப் பார்த்து, "டீ குடிச்சு முடிச்சாச்சா சேச்சி?" என்றாள். பூங்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கோமதியைப் பார்த்தேன். நிஜமாகவே என் தோளைத் தாண்டி வளர்ந்திருந்தாள். ஆனால் முதுகைக் கூனி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நின்றாள்.

பூங்கொடிக்கு இரண்டு நாள்தான் லீவு கிடைத்தது. பள்ளிக்கூடம் முழுப் பரீட்சை லீவு என்பதால் கோமதி என்னோடு இருந்தாள். மறுவாரம், எனக்கு டிஸ்சார்ஜ் ஆன அன்று, அவளுக்குச் சோதனை. வெறும் வயிற்றில் முதலில் ரத்தம் எடுத்துவிட்டு, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, அரை மணிக்கு ஒரு தடவையாக இரண்டு மணி நேரம் ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை உள்ளே போனால் வளர்ச்சி ஹார்மோன் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கோளாறு. எலும்பு இன்னும் எவ்வளவு வளர இடம் இருக்கிறது என்று பார்க்கக் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள்.

எக்ஸ்ரே அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவள் தயங்கித் தயங்கிக் கழற்றினாள். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு பெருவிரலிலும் நகம் கறுத்து, சுண்டுவிரல் தோல் உரிந்து, குதிகால் செருப்புக்கு வெளியே தொங்கிக் காய்த்துப் போயிருந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்ன அம்மிணி காலு இப்படி? செருப்பு பத்தலியா?"

"பத்துதுங்ப்பா."

"பத்துனா இப்படியா இருக்கும்? அம்மாகிட்ட சொன்னா வாங்கித் தராதா?"

"அம்மா கேட்டாங்க. ஆறாம் நம்பரே சரியா இருக்குதுன்னு நான்தான் சொல்லிட்டேன்."

"ஏன் சாமி?"

அவள் பஞ்சு ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உங்களுக்கு மொதல்ல கையும் காலும்தான் வளந்துச்சுன்னு அம்மா மாமாகிட்ட சொல்லிட்டிருந்தாங்க. நான் கேட்டுட்டேன். அதே ஆறாம் நம்பருக்குள்ள காலு போற வரைக்கும் எனக்கு அது இல்லைன்னு அர்த்தம்னு நெனச்சுக்கிட்டனுங்ப்பா. பொங்கலுக்கு அப்புறம் போகல. அமுக்கி அமுக்கித்தான் போட்டுட்டிருக்கேன்."

"அம்மாகிட்டக்கூட சொல்லலியா?"

"அம்மா பாவமுங்ப்பா. ஏற்கெனவே உங்கள நெனச்சு அழுவுது."

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அவ்வளவு பேருக்கு நடுவில் ஓவென்று அழுதேன். ஆஸ்பத்திரியில் யாருமில்லாமல் கிடந்தது நான் ஒருத்தன்தான் என்று என்னைப் பார்த்து நானே பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேனே! பதினாலு வயசுப் பிள்ளை, நாலு பேர் இருக்கிற வீட்டில், அதே பயத்தை வைத்துக்கொண்டு ஒற்றையாக நடந்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு இருப்பது பெரிய மனுசத்தனம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அவள் தன் துப்பட்டாவை எடுத்து என் மூஞ்சியைத் துடைத்தாள். அடுத்த ரத்தத்துக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போனாள்.

முடிவை வெள்ளிக்கிழமை போனில் கேட்கச் சொல்லியிருந்தார்கள். குவார்ட்டர்ஸில் அந்த நாலு நாளும் நாங்கள் பேசினோம். இருவருக்கும் பயம், அதை ஒளிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் தோசை வார்ப்பாள், நான் திருப்பிப் போடுவேன். "எனக்கும் இருந்தா மூக்கு வழியாத்தான் எடுப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வலிக்குமா என்றாள். வலிக்கும், ஆனால் நான் கூடவே இருப்பேன், டீ குடிக்கக்கூட வெளியே போக மாட்டேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை குன்னூர் பஸ் ஸ்டாண்டு அருகே பூத்துக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். ரிசீவரை இரண்டு காதுக்கும் நடுவில் பிடித்தேன். சுரப்பி டாக்டர் சீட்டைத் தேடி எடுக்கிற சத்தம் கேட்டது.

"கோமதிதானே? குளுக்கோஸுக்கு நல்லா இறங்கியிருக்கு. மத்ததும் வயசுக்கு என்ன இருக்கணுமோ அதேதான். எக்ஸ்ரேயும் சரியா இருக்கு. உங்க பொண்ணு உயரம், அவ்வளவுதாங்க. அம்மா வழியில யாராவது உயரமா இருக்காங்களா?"

பூங்கொடியின் அண்ணன் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வரத் தெரியாதவர். அந்த மனிதர்தான் 'அப்பனாட்டவே' என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோமதி பூத்தின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்று, பெரிதாக மூச்சு விட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

நாலு கடை தள்ளி ஒரு செருப்புக் கடை. நான் கூப்பிடவில்லை, அவளே ஏறினாள். கடைக்காரர் காலைப் பார்த்துவிட்டு, "என்ன சைசு பாப்பா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நீயே சொல்லு என்று தலையாட்டினேன்.

"எட்டு" என்றாள், மெல்ல.

"எத்தனை?"

"எட்டுங்ணா."

பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். கோமதி காலை நுழைத்து, எழுந்து நின்று, கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தாள். பிறகு குனிந்து பெருவிரலை அமுக்கிப் பார்த்துவிட்டு, கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இதுவும் கடிக்குதுங்ணா. ஒம்போது இருந்தா எடுங்க."